பூங்காவில் ட்ரோன் விடலாமா? தரையிடம் ஒரு கேள்வி, வானத்திடம் ஒரு கேள்வி

போன தீபாவளிக்கு என் அக்கா மகனுக்கு அவன் சித்தப்பா ஒரு குட்டி ட்ரோன் வாங்கிக் கொடுத்துவிட்டார். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், எடை 249 கிராம். மறுநாள் காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்துவிட்டது. "மாமா, சனிக்கிழமை புக்கிட் தீமா மலை உச்சிக்குப் போய் இதைப் பறக்க விடலாமா? 250 கிராமுக்குக் கீழே இருந்தா ரூல்ஸே கிடையாதாம், கடையில சொன்னாங்க."

கேள்வி ஒன்றுதான், அதற்குள் தப்பு மூன்று. பையனுக்குப் பதினான்கு வயது, அவனைக் குற்றம் சொல்ல முடியாது. என்னிடம் ட்ரோன் பற்றிக் கேட்கிற பெரியவர்களும் ஏறக்குறைய இதே மூன்று இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே வந்துவிடும். ட்ரோன் விஷயத்தில் தரைக்கு ஒரு சொந்தக்காரர், வானத்துக்கு வேறொரு சொந்தக்காரர். நம் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் வைப்பதை நினைத்துப் பாருங்கள். இடத்துக்கு நகர மன்றத்திடம் அனுமதி வாங்குகிறோம். அந்தக் காகிதத்தைக் காட்டி, மாப்பிள்ளை அழைப்பை நாதஸ்வரத்தோடு சாலை வழியாகக் கொண்டுபோக முடியுமா? அதற்குக் காவல்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் சரி என்றதால் மற்றவரும் சரி என்றதாக ஆகாது. ட்ரோனும் அப்படித்தான். அது எந்த இடத்திலிருந்து எழும்புகிறது, எங்கே இறங்குகிறது என்பது நிலத்துக்குப் பொறுப்பானவரின் விஷயம். எழும்பியபிறகு எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பறக்கிறது என்பது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விஷயம். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் நீங்கள் சுவிட்சைப் போடலாம்.

நிலத்தின் பக்கம் யார் யார் என்றால், பூங்காக்களுக்கும் இயற்கை வனப்பகுதிகளுக்கும் தேசியப் பூங்காக் கழகம், நீர்த்தேக்கக் கரை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம், வீட்டுக்குக் கீழே இருக்கிற புல்தரை என்றால் நகர மன்றம், காலியாகக் கிடக்கிற அரசாங்க நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம். இடம் பார்ப்பதற்கு ஒரே மாதிரி பச்சையாக இருக்கும், ஆனால் பொறுப்பாளர் வேறு வேறு.

"தேசியப் பூங்கா" என்ற சொல்லிலேயே நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சொன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் பள்ளத்தாக்கும் கண்முன் வரும். சிங்கப்பூரின் பூங்கா, மரங்கள் சட்டத்தின்படி தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றவை இரண்டே இரண்டு. ஒன்று பூமலை, அதாவது 1859இல் தொடங்கி 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நம் தாவரவியல் தோட்டம். இன்னொன்று ஃபோர்ட் கெனிங் பூங்கா. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கும் இயற்கை வனப்பகுதிகள் என்ற வேறு பிரிவில் வருகின்றன. மீதி இருக்கிற ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், பீஷான் எல்லாம் பொதுப் பூங்காக்கள். ட்ரோன்காரருக்கு இந்தப் பிரிவினை எதற்கு என்று கேட்கலாம். இயற்கை வனப்பகுதியில் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ட்ரோனை எழுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால்தான். மற்ற பூங்காக்களுக்கும் கழகத்திடம் கேட்டு, ஒப்புதல் கைக்கு வந்த பிறகு கிளம்புவதுதான் நல்லது. பூங்கா வாசலில் சைக்கிள், நாய், மீன்பிடித் தூண்டில் படங்களோடு ஒரு பலகை நிற்கும், நாம் யாரும் நின்று படிப்பதில்லை. அதைப் படியுங்கள்.

ஆக, பையனின் முதல் தப்பு இடம். இரண்டாவது தப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ட்ரோன் வைத்திருக்கிற பலருக்குமே இது தெரிவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் பொழுதுபோக்குக்காகப் பறக்க விடுவதற்கு இங்கே உயர வரம்பு 200 அடி, அதாவது 61 மீட்டர். எல்லாரும் இதை "நான் நிற்கிற இடத்திலிருந்து 61 மீட்டர்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 200 அடி. ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி கடலைத் தூர்த்து எடுத்த தட்டையான இடத்தில் இந்த இரண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேட்டு நிலத்துக்குப் போனால்தான் வினை.

புக்கிட் தீமா உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 163 மீட்டர். அங்கே அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொள்வோமே, அந்த இடத்தில் என் மருமகன் ட்ரோனைத் தரையில் வைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சுவிட்சே போடவில்லை. ஆனால் ட்ரோன் ஏற்கெனவே வரம்புக்கு மேலே 100 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது! ஒரு விரற்கடை எழும்பினாலும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். மவுண்ட் ஃபேபரிலும் இதே கதைதான், அந்த மேடும் 61 மீட்டரைத் தாண்டியது. இருபத்தைந்தாவது மாடி வீட்டின் சன்னல் வழியாக ட்ரோனை வெளியே விடுகிறவருக்கும் இதே கணக்கு. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால்கூட அவர் வரம்பைத் தாண்டிய உயரத்தில்தான் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. கைப்பேசித் திரையில் ட்ரோன் செயலி உயரம் என்று ஓர் எண்ணைக் காட்டும் இல்லையா, பெரும்பாலான ட்ரோன்களில் அது கடல் மட்டத்திலிருந்து அல்ல, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து எடுத்த உயரம். நீங்கள் 30 மீட்டர் உயரமான ஒரு மேட்டில் நின்று ட்ரோனை எழுப்புகிறீர்கள், திரையில் 40 என்று வருகிறது, "அறுபதுக்குள்தானே இருக்கிறோம்" என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். உண்மையில் ட்ரோன் 70 மீட்டரில் இருக்கிறது. ஆகவே கிளம்புகிற இடத்தின் தரை உயரத்தை முதலில் பார்த்து, அதை 61இல் கழித்து, மிச்சம் வருகிற எண்ணைச் செயலியில் அதிகபட்ச உயரமாகப் பூட்டி வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, கிடைமட்டத்துக்கு வருவோம். விமான நிலையத்திலிருந்தோ விமானப்படைத் தளத்திலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது. ஐந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் படித்த பை ஆர் ஸ்கொயரை எடுங்கள், ஒரு வட்டத்துக்கே 78 சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நம் நாடு முழுவதுமே 735 சதுர கிலோமீட்டர்போலத்தான். அதில் சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்கள், பாய லேபார், தெங்கா, செம்பவாங் தளங்கள் என்று வட்டத்துக்கு மேல் வட்டம் போட்டுக்கொண்டே போனால் (சில வட்டங்களில் பாதி கடலுக்குப் போய்விடும், அது நமக்கு லாபம்) எஞ்சுவது எவ்வளவு குறைவு என்று படம் பார்த்தால்தான் உறைக்கும். பாசிர் ரிஸ் பூங்கா சாங்கிக்கும் பாய லேபாருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. பொங்கோலில் நீர்வழிப் பூங்கா எவ்வளவு அழகாக இருந்தாலும் சிலேத்தார் பக்கத்திலேயே இருக்கிறது. இவை போதாதென்று கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள், அபாயப் பகுதிகள், பாதுகாக்கப்பட்ட பகுதிகள் என்று தனித் தனியாக உண்டு. தேசிய தின அணிவகுப்பு மாதிரியான நேரங்களில் சில வாரங்களுக்கு மட்டும் புதிதாக ஒரு தடைப் பகுதி முளைக்கும். போன மாதம் விட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று ஆகஸ்ட்டில் கிளம்பக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஜூன் 18ஆம் தேதி இரவு சாங்கிக்கு அருகே அனுமதியற்ற ட்ரோன்கள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூடித் திறக்க வேண்டி வந்தது. மறுநாள் காலைக்குள் 37 விமானங்கள் தாமதம். அதே வாரம் சென்னை விமானத்துக்குக் காத்திருந்த யாரிடமாவது ட்ரோன் சுதந்திரம் பற்றிப் பேசிப் பாருங்கள்.

நல்ல வேளையாக, இந்த வட்டங்களை எல்லாம் நாமே வரைய வேண்டியதில்லை. அரசாங்கத்தின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் ட்ரோனுக்கென்று இருக்கிற பகுதியைத் திறந்து உங்கள் இடத்தைப் போட்டால் தடைப் பகுதிகள் நிறம் காட்டி வந்துவிடும். ஆனால் ஒன்று, வரைபடம் சொல்வது வானத்தைப் பற்றி. நிறம் இல்லாத இடம் என்பதால் நிலத்துக்காரர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளை இங்கேதான் மறக்கிறார்கள்.

மூன்றாவது தப்பு, அந்த 250 கிராம். இது பதிவுக்கான எல்லை, அவ்வளவுதான். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிந்து, பதிவு ஒட்டுவில்லையை அதன்மேல் ஒட்டின பிறகுதான் பறக்க விடலாம். 2020இலிருந்து இதுதான் நடைமுறை. பதிகிறவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 249 கிராம் ட்ரோனுக்கு இந்தப் பதிவுத் தொல்லை இல்லை. ஆனால் 5 கிலோமீட்டர், 200 அடி, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்திருப்பது, கூட்டத்தின் தலைக்குமேல் கொண்டுபோகாமல் இருப்பது, இவை எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். விமான எஞ்சினுக்குள் போகிற பொருள் பதிவு செய்ததா இல்லையா என்று எஞ்சின் பார்க்காது.

அப்புறம், 249 என்பது பெட்டியில் இருந்து எடுத்த அன்றைய எடை. இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினால், அதிக நேரம் தாங்குகிற பெரிய பேட்டரியைப் போட்டால், மேலே ஒரு குட்டி விளக்கு ஒட்டினால் எடை 250ஐத் தாண்டிவிடும். பறக்கும்போது மொத்தமாக எவ்வளவு என்பதுதான் கணக்கு. என் மருமகனின் ட்ரோனை அக்காவின் சமையலறைத் தராசில் வைத்தோம். தனியாக 248 காட்டியது. கூடவே வந்திருந்த வளையத்தை மாட்டி வைத்தோம், முந்நூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. "அப்போ இதையும் ரிஜிஸ்டர் பண்ணணுமா?" என்று பையன் முகம் தொங்கிப்போனது. ஆமாம், வளையத்தோடு வெளியே பறக்க விட்டால் பண்ண வேண்டும், அதுவும் உன் பேரில் முடியாது, அப்பா பேரில்தான் என்றேன். வளையம் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது.

250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு 2025 டிசம்பர் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருக்குமிடத்தையும் வானலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். காருக்கு நம்பர் பிளேட் மாதிரி. புது ட்ரோன்கள் சிலவற்றில் அது உள்ளேயே வருகிறது, பழையவற்றுக்குத் தனியாக ஒரு கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னும் பெரியவற்றைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. 1.5 கிலோவைத் தாண்டினால் பயிற்சி, 7 கிலோவைத் தாண்டினால் விமானிக்கு இருப்பதுபோல் உரிமம் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்கு என்ற சொல்லை மேலே சும்மா போடவில்லை. பூமலையில் கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு நம்மவர்களிடம் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது, பட்டுப்புடவையும் கூலிங் கிளாஸுமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடியாவது நடந்து வரும். புகைப்படக்காரர் "மேலேருந்து ஒரு ஷாட் எடுத்துத் தரேன், சின்ன ட்ரோன்தான்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். காசு வாங்கிக்கொண்டு எடுப்பது பொழுதுபோக்கு ஆகாது. ட்ரோன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த வேலைக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் நடத்துநர் அனுமதியும் (வேலையை நடத்துகிறவருக்கு) நடவடிக்கை அனுமதியும் (அந்தப் பறத்தலுக்கு) தேவை. அதற்கு மேலே பூங்காக் கழகத்திடமும் கேட்க வேண்டும். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

வானத்துக்காரருக்கு விமானம் கவலை. நிலத்துக்காரருக்கு என்ன கவலை? பறவை. சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மார்ச் வாக்கில் சைபீரியா பக்கத்திலிருந்தெல்லாம் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. நீர் வற்றும் சில மணி நேரத்துக்குள் சேற்றைக் கிளறித் தின்று, திரும்பிப் போகிற பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். தலைக்குமேல் ஏதாவது ரீங்காரம் போட்டு நிழல் விழுந்தால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அவற்றுக்கு அது பருந்துதான். நமக்கு இருபது விநாடி அழகான வீடியோ, அவற்றுக்கு அரை நாள் தின்று சேர்த்ததில் ஒரு பங்கு செலவு.

எல்லாப் பறவையும் ஓடிப்போவதும் இல்லை. எனக்கே நடந்தது. ட்ரோன் வாங்கிய புதிதில், அனுமதி உள்ள ஒரு திறந்த திடலில்தான் விட்டேன், மழைமரத்தில் காக்கைக் கூடு இருந்ததைக் கவனிக்கவில்லை. முதலில் ஒன்று வந்து சுற்றியது. என்னமோ வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்தேன். அது கத்திய கத்தலுக்கு இன்னும் நான்கு வந்து சேர்ந்தன, ஒன்று மேலிருந்து நேராக இறங்கி ஓர் உரசு உரசியது. ட்ரோன் சாய்ந்து, சுழன்று, புல்லில் போய் விழுந்தது. ஓர் இறக்கை நுனி போயிற்று, காக்கைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது செம்பருந்தாகவோ இருவாச்சியாகவோ இருந்திருந்தால்? இருவாச்சி இந்தத் தீவில் இல்லாமலே போய், 1994 வாக்கில் பக்கத்துப் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டு, கூடுகட்டப் பெட்டி வைத்துக் கொடுத்துப் பெருக்கிய பறவை. காட்டுக்குள் விழுந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. எடுக்கப் போக வேண்டுமென்றால் பாதையை விட்டு இறங்க வேண்டும், இயற்கை வனப்பகுதியில் அதுவே தனிக் குற்றம்.

டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்கள் ட்ரோனையும் பெட்டியில் வைக்கிறார்கள். எண்கள் மாறும், ஆனால் அந்த இரண்டு கேள்விகள் மாறுவதில்லை. அமெரிக்காவில் வானம் கூட்டரசு விமான நிர்வாகத்தின் கையில், பூங்கா நிலம் தேசியப் பூங்காச் சேவையின் கையில். 2014 ஜூன் மாதம் அந்தச் சேவை, தன் நிலத்திலும் நீரிலும் ட்ரோனை எழுப்புவதையும் இறக்குவதையும் அங்கே நின்று இயக்குவதையும் தடுக்கும்படி எல்லாப் பூங்காக்களுக்கும் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு வசந்தத்தில்தான் ஸயான் பூங்காவில் ஒரு ட்ரோன் மலையாட்டுக் கூட்டத்தைக் கலைத்து, குட்டிகள் தாயைவிட்டுச் சிதறியிருந்தன. உத்தரவுக்குப் பிறகும் ஆகஸ்ட்டில் எல்லோஸ்டோனின் புகழ்பெற்ற வண்ண வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு சுற்றுலாப் பயணியின் ட்ரோன் விழுந்து மூழ்கியது, அவருக்கு அபராதமும் இழப்பீடுமாக 3,000 டாலருக்கு மேல் போயிற்று. அங்கே இப்போது உச்ச தண்டனை 5,000 டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 25,000 கனடிய டாலர் வரை போகலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. முதுமலையில் யானையை மேலிருந்து எடுக்கலாம் என்ற கனவெல்லாம் சென்னைச் சுங்கச் சோதனை மேசையிலேயே முடிந்துவிடும். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மருமகன் கதைக்கு வருவோம். சனிக்கிழமை புக்கிட் தீமாவுக்குப் போனோம், ட்ரோன் இல்லாமல். உச்சியில் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நின்றபோது பையன் கைப்பேசியைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்து, "மாமா, இப்போ இது 165 மீட்டர்ல இருக்கு, இதுக்கு மட்டும் பெர்மிட் வேண்டாமா?" என்றான். பக்கத்தில் ஒரு குரங்கு அவன் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை முதலில் பைக்குள் வை என்றேன்.